அடையாளக் குறி, வலது காது

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முழங்கால், சர்க்கரை, கண்ணில் புரை என்று ஆளுக்கொரு வியாதியை எடுத்து வைக்கிறீர்கள். என் வியாதி வேறு. எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும் என் கண் நேராக அவர்களுடைய காதுக்குப் போய்விடும். பேச்சில் பாதிதான் மனதில் ஏறும். மடலின் விளிம்பு எந்த இடத்தில் உள்ளே மடிகிறது, சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, விட்டுத் தொங்குகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருப்பேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனாரை அப்படிப் பார்க்கப்போய், அந்த மனிதர் கூச்சப்பட்டுத் துண்டை எடுத்துத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

இது எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லாமல் இத்தனை காலம் ஓட்டியாயிற்று. இனிமேலும் ஓட்டத் தெம்பில்லை. கேளுங்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம். இலங்கை மலையில், கினிகத்தேனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அதில் மேட்டு லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அப்பாவுக்குச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை, அம்மாவுக்குக் கொழுந்து. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தேன். ஒரே பிள்ளை. ஓரிடத்தில் உட்காரவே மாட்டேன், உள்ளங்காலில் எறும்பு ஊறுகிற மாதிரி எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பேன்.

அதற்கு முந்தின வருஷ மழைக்காலத்தில் அம்மாவின் காது அறுந்தது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுப்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். சரிவில் கால் வழுக்கியிருக்கிறது. கயிறு தலையிலிருந்து நழுவி வலது காதுத் தோட்டில் சிக்கிக்கொண்டது. கூடை நிறைய ஈரக் கொழுந்து. அத்தனை பாரமும் ஒரே இழுப்பாக இழுத்ததில் சோணை ஓட்டையிலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்துவிட்டது. அம்மா காப்பித்தூளை அப்பி, துணியால் கட்டிக்கொண்டு, மறுநாள் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போய் நின்றாள். போகாவிட்டால் பேர் விழாது, அன்றைக்குச் சம்பளம் இல்லை. காயம் ஆறியபோது சோணை இரண்டு வால்களாக ஆறியிருந்தது.

அந்தத் தோடு கிடைக்கவில்லை. சிவப்புக் கல் வைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த மலைக்கு ஓடி, செடிக்குச் செடி அடித்தூரைக் கிளறுவேன். அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தமாகத் திரும்புவேன். இன்றைக்கும் அது அங்கேதான் ஏதாவது ஒரு வேருக்கடியில் கிடக்கிறது.

காது ஆறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் பிரஜாவுரிமை மனு எழுதினார்கள். இந்த நாட்டில் இத்தனை வருஷமாகக் குடும்பத்தோடு தொடர்ந்து இருக்கிறோம் என்று காட்டினால் பிரஜையாகப் பதிவார்கள். ஆபீசில் கிளாக்கரையா ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினார். மனைவிக்கு அடையாளக் குறி என்ன என்ற இடம் வந்தபோது அம்மாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்து, "வலது காதுச் சோணை கிழிந்தது" என்று எழுதிக்கொண்டார். அம்மாவின் தலை கவிழ்ந்துகொண்டது. வெளியே வந்ததும் அப்பா மட்டும், "பாத்தியா, இனிமே ஒன்னிய யாரும் மாத்த முடியாது" என்று சிரித்தார்.

காது அறுந்த பெண்ணுக்கு நம் ஆட்களிடம் என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூளி. புருஷன் கல்லுமாதிரி உயிரோடு இருந்தாலும் மூளிக்காதுக்காரி நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது. பக்கத்துக் காம்பரா அக்கா பெரிய மனுஷியானபோது சீர்த் தட்டு எடுக்க அம்மாவும் குளித்து, கண்டாங்கி உடுத்திப் போனாள். அந்த அக்காவின் அம்மா தட்டை மெதுவாக வாங்கி வேறொருத்தி கையில் கொடுத்தாள். "கோவிச்சுக்காதீங்க மதினி. நீங்க பின்னால வாங்க. புள்ளைக்கி மொதக் காரியம் பாருங்க."

அம்மா பின்னாலேயே போனாள். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்துவிட்டு ரொட்டிக்கு மாப் பிசைய உட்கார்ந்தாள். அவ்வளவுதான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு 'மூளி மக' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்காகப் பாதி, எனக்காகப் பாதி எரிந்தது.

அந்த மாதத்தில் எனக்குக் காதில் சீழ். தினமும் மருந்துக் காம்பராவுக்குப் போய்ச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள வேண்டும். மருந்தையா ஒல்லி, சிடுமூஞ்சி. கடல் தாண்டி வந்தவர், ஊரில் யாருமில்லை என்பார்கள். சுவரில் பெரிய காதுப் படம் ஒன்று மாட்டியிருந்தார். வெட்டி வைத்ததுபோல் தனிக் காது, சுற்றிலும் இங்கிலீசில் பெயர்கள். நான் தலையைச் சாய்த்து நிற்காமல் நெளிந்ததில் அவர் சட்டையெல்லாம் மருந்தாகிவிட்டது.

"சனியனே, ஆடாம நின்னியன்னா அதுல உள்ளதெல்லாம் என்னான்னு சொல்றேன்," என்றார்.

நின்றேன். சொட்டு உள்ளே இறங்குகிற நேரத்துக்கு ஒன்றாகச் சொன்னார். வெளியே சுற்றி வருவது விளிம்பு. அதற்கு உள்ளே இன்னொரு மடிப்பு, அது மேலே போய் இரண்டு கிளையாகப் பிரியும். நடுவில் கிண்ணம். கிண்ணத்துக்கு முன்னால், துவாரத்தை மறைத்துக்கொண்டு ஒரு குட்டி மேடு. விரலால் அமுக்கினால் சத்தம் அடங்கிவிடும். இவ்வளவும் குருத்தெலும்பு, மடக்கினால் மடங்கும், விட்டால் நிமிரும். எல்லாவற்றுக்கும் கீழே சோணை.

"அதுல எலும்புங் கெடையாது, ஒரு மண்ணுங் கெடையாது. தோலும் கொழுப்புந்தான். அதான் லேசா ஓட்ட போட்டுர்றீங்க."

"கிழிஞ்சு போச்சுன்னா?"

"ஓரத்தச் சீவி விட்டுத் தச்சா பத்து நாள்ல கூடிக்கும். மேல் மடல் கிழிஞ்சாத்தான் வம்பு."

போகும்போது கேட்காமலே ஒன்று சொன்னார். ஒருத்தர் காது மாதிரி இன்னொருத்தர் காது இருக்காதாம். அன்று முதல் எனக்கு வேறு வேலையே இல்லை. பீலியில் தண்ணிக்கு நிற்கிறவர்கள், பெரட்டுக்கு நிற்கிறவர்கள், எல்லார் காதையும் பார்த்தேன். கங்காணியாருக்கு விளிம்பே மடியாத தட்டைக் காது. அப்பாவுக்கு ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அம்மாவின் வலது விளிம்பில், மேலே, மிளகளவு ஒரு முடிச்சு இருந்தது. தடவிப் பார்த்தேன், எனக்கும் அதே இடத்தில் அதே முடிச்சு. சந்தோஷத்தில் அன்று தூக்கம் வரவில்லை.

மனு விசாரணைக்கு வருகிறது, இரண்டு மாதத்தில் அதிகாரி தோட்டத்துக்கே வருவார் என்று கடிதம் வந்தது. அப்பா அதை நாலாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். நான் அன்று சாயந்திரமே இரண்டு பொய் சொன்னேன்.

முதல் பொய் மருந்தையாவிடம். "அம்மா காதத் தச்சு விட முடியுமான்னு அப்பா ஒங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நேர்ல கேக்க வெக்கப்படுறாங்க."

இரண்டாவது வீட்டில். "மருந்தையா சொல்லி விட்டாரு. அதிகாரி முன்னால மூளிக்காதோட போயி நின்னா மருவாதியா இருக்காதாம். தச்சு விடுறாராம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையாட்டினார். "படிச்சவரு சொல்றாரு. சரியாத்தான் இருக்கும்," என்றார். நினைத்துப் பாருங்கள். மனுவில் அந்தக் கிழிசலைத்தான் அம்மா என்று எழுதியிருக்கிறது. மூன்று பெரியவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மங்கலமாகப் போய் நின்றால் காரியம் மங்கலமாக முடியும் என்பதுதான் எல்லார் கணக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தைத்தார். "தொரைக்குத் தெரிய வேணாம். தோட்டத்து மருந்து, தோட்டத்து ஊசி," என்று கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே யாராவது ஒரு வார்த்தை அதிகம் பேசிவிட்டால் நான் தொலைந்தேன். முடிந்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "பெரிய புண்ணியங்கய்யா," என்றார். "நீங்க கேட்டு நா செய்ய மாட்டேனா," என்றார் மருந்தையா. அப்பா அதை ஒரு உபசாரப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது.

சோணை அழகாகக் கூடியது. நூல் மாதிரி ஒரு தழும்பு. அதற்குப் பக்கத்தில் புது ஓட்டை போட்டு, அப்பா கினிகத்தேனைக் கடையில் வாங்கி வந்த கவரிங் தோட்டை அம்மா போட்டுக்கொண்டாள். கண்ணாடித் துண்டில் தன்னை அவள் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்தச் சில வாரங்கள் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

விசாரணை ஆபீஸ் விறாந்தையில் நடந்தது. அதிகாரி சிங்களத்தில் கேட்க, கிளாக்கரையா தமிழில் திருப்பிச் சொன்னார். அப்பாவிடம் எல்லாம் கேட்டாயிற்று. பிறகு அதிகாரி அம்மாவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், எழுந்து வந்து அவள் வலப்பக்கம் நின்று பார்த்தார். ஏதோ சொன்னார். கிளாக்கரையாவின் முகம் மாறிப்போனது.

"மனுவுல உள்ள பொம்பளைக்கி காது கிழிஞ்சிருக்கு, இந்தப் பொம்பளைக்கி கிழியலன்னு சொல்றாரு. அந்தப் பொம்பள எங்க, இது இப்ப இந்தியாவுல இருந்து கூட்டியாந்த ஆளான்னு கேக்குறாரு."

"ஐயா, இவதாங்கய்யா அவ," என்றார் அப்பா. "தச்சுருக்கு. நீங்களே சொல்லுங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

கிளாக்கரையா தரையைப் பார்த்தார். "தெனம் எத்தன பொம்பளைகளப் பாக்குறேன். எல்லார் மொகமுமா ஞாபகம் இருக்கு?"

எனக்கு நிற்க முடியவில்லை. அப்பாவின் கையை உதறிக்கொண்டு மேசைக்கு முன்னால் போனேன். "என் காதையும் எங்கம்மா காதையும் பாருங்க. மேல முடிச்சு இருக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல இருக்கு," என்று மடலைப் பிடித்துக் காட்டினேன். அதிகாரிக்கு அதை மொழிபெயர்த்தார்கள். அவர் கொஞ்சம் சிரித்தார். பிள்ளையின் காது மனுவில் எழுதவில்லை என்றாராம். தைத்த வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் ஹட்டன் ஆபீசுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

வீட்டுக்கு வந்து அப்பா அடுப்படியில் உட்கார்ந்தே இருந்தார். "தள்ளுபடியானா என்னா?" என்று கேட்டேன். "இந்தியாக் கரையில நமக்கு ஒரு ஆளுந் தெரியாது. இந்தக் கரையில நீ ஆருன்னு கேக்குறான். வேறென்னா," என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் மருந்துக் காம்பராவுக்குப் போனார்கள். நான் பின்னாலேயே போய் ஜன்னலடியில் நின்றேன்.

"கடுதாசி மட்டும் கேக்காதீங்க," என்றார் மருந்தையா. "தொரைக்குத் தெரியாம செஞ்சது. வேல போயிரும். நீங்க கேட்டு அனுப்புனீங்கன்னுதான நா செஞ்சேன்?"

"நானா? நா எப்பங்கய்யா கேட்டேன்? நீங்கதான தைக்கணுமின்னு சொல்லி விட்டீங்க?"

"நானா சொல்லி விட்டேன்?"

மருந்தையா மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். என் தலை தெரிந்திருக்க வேண்டும். என்னையே பார்த்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். 'ஒங்க மகளக் கேளுங்க' என்று சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. மறுபடி அப்பா பக்கம் திரும்பி, "என்னால முடியாது, போங்க," என்றார்.

"வேலைக்கிப் பயந்து இப்பிடிப் பொய் பேசுறீங்களேய்யா," என்றார் அப்பா. அந்த வார்த்தை அன்றைக்கே லயமெல்லாம் பரவிவிட்டது. பொய்யன் என்றார்கள். அவர் பாதையில் வந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய மனுவும் அதே அதிகாரியின் தாள் கட்டுக்குள் கிடந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அவர் கோழைதான். ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்காத கோழை.

அந்த இரண்டு வாரமும் என்னால் சாப்பிட முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். அப்பாவின் முகத்தைப் பார்த்தால் வெளியே ஓடிவிடுவேன். சுற்றிச் சுற்றி வந்தேன். லயத்துக்கும் பீலிக்குமாகக் காரணமில்லாமல் ஓடினேன். சொன்னால் மருந்தையாவின் பெயர் மீளும், ஆனால் மனு மீளாதே என்று ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். குழந்தைகளுக்கு இதற்கெல்லாம் மூளை நன்றாக வேலை செய்யும்.

ஹட்டனுக்குப் போகிற நாள் விடியக்காலை அம்மா பீலிக்குக் குளிக்கப் போனாள். திரும்பி வரும்போது வலது காதில் துணி அழுத்தியிருந்தாள். துணி சிவப்பாக இருந்தது.

"என்னாச்சு?" என்று அப்பா எழுந்தார்.

"கூடைக் கயிறு மாட்டிக்கிருச்சு," என்றாள்.

அன்று அவள் வேலைக்கே போகவில்லை. கூடை சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே காய்ந்துகிடந்தது. அப்பாவும் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டையை மாட்டினார். கவரிங் தோடு அம்மாவின் கைக்குள் இருந்தது. அதை அடுப்பு மேட்டில் வைத்துவிட்டுக் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள்.

மருந்துக் காம்பராவைத் தாண்டித்தான் பஸ்சுக்கு இறங்க வேண்டும். மருந்தையா எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப் பஞ்சும் மருந்துமாக வந்தார். "கட்டியாவது விடுறேன், நில்லுங்க." அப்பா, "வேணாம்," என்று நிற்காமல் நடந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் பஞ்சோடு அங்கேயே நின்றார்.

ஹட்டன் ஆபீசில் வேறு அதிகாரி இருந்தார். முன்னால் குவியல் குவியலாகத் தாள்கள். அப்பாவின் பெயரைக் கேட்டார், தோட்டத்தின் பெயரைக் கேட்டார். அம்மா அவருக்குத் தெரியும்படி வலப்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, துணியை எடுத்துவிட்டு நின்றாள். சோணையின் இரண்டு வாலும் வீங்கியிருந்தன. காப்பித்தூளோடு ரத்தம் கழுத்தில் ஒரு கோடாக இறங்கியது. அதிகாரி அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னாள். எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அடுத்த தாளை எடுத்தார். எல்லாம் சரி, பதிவாகும், போகலாம் என்று பக்கத்திலிருந்த ஆள் தமிழில் சொன்னான். அந்த அதிகாரி கடைசி வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை.

அப்பா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

திரும்புகிற பஸ்சில் அப்பாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. நானும் அம்மாவும் பின்னால். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை, குளிர்காற்று புண்ணில் அடித்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் சீட்டின்மேல் முட்டி போட்டு, காற்றுப் படாமல் அவள் வலது காதை என் உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். குட்டி மேடு, கிண்ணம், விளிம்பு எல்லாம் கைக்குள் இருந்தன. கீழே சோணை சூடாகத் துடித்தது. பஸ் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது என்று நினைத்தேன். பொத்தியிருக்கிற காதுக்கு நிச்சயமாகக் கேட்காது.

"மருந்தையா பொய் சொல்லல," என்றேன் என் புறங்கையைப் பார்த்து. "நாந்தான் சொன்னேன். அவருகிட்ட ஒண்ணு, ஒங்ககிட்ட ஒண்ணு. தைக்கணும்னு யாருமே சொல்லல. நாந்தான்."

அம்மா ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வளைவு போயிற்று. இன்னொரு வளைவும் போயிற்று.

"கேட்டுச்சு," என்றாள்.

அவள் திரும்பவில்லை, கையை எடு என்றும் சொல்லவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னா. அந்த மனுசங்கிட்ட போயி சொல்லு. நா அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். நீயே போயி சொல்லு."

"நாளைக்கிச் சொல்றேன்," என்றேன்.

அம்மா அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, சாகும்வரைக்கும். அடுத்த மாதம் மருந்தையா வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். பொய்யன் என்ற பெயரோடுதான் போனார். அதுவரைக்கும் எனக்கு முப்பது காலைகள் இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு அந்த வாசலைத் தாண்டித்தான் போனேன். அவர் ஜன்னலருகே நின்று சீசாக்களைக் கழுவிக்கொண்டிருப்பார், என்னைப் பார்த்ததும் கை நின்றுவிடும். நான் ஒவ்வொரு நாளும் ஓடியே தாண்டினேன்.